டிராஸ்டுசுமாப் நடுவில் எக்கோ குறைந்தால் என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக: அம்மாவுக்கு வயது 54, எடை 60 கிலோ. இடது மார்பில் ஹெர்-2 பாசிட்டிவ் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, சிவப்பு மருந்து கீமோ நான்கு தடவை ஏற்றியாயிற்று. இப்போது வாராவாரம் பாக்ளிடாக்செல் கீமோ, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஹெர்-2வைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி. நான்கு டிராஸ்டுசுமாப் முடிந்ததும் ஊரில் ஒரு ஸ்கேன் சென்டரில் இதயத்துக்கு எக்கோ எடுத்தோம், பம்பிங் (இ.எஃப்.) 48 என்று வந்தது. கீமோவுக்கு முன் சென்னையில் எடுத்தபோது 62. டாக்டர் டிராஸ்டுசுமாப் ஊசியை நிறுத்தி வைத்திருக்கிறார். சோர்வைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. இதயம் நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? ஊசி போடாவிட்டால் நோய் திரும்புமா? இடது பக்கம் கரண்ட் (ரேடியேஷன்) வைக்க வேண்டியது பாக்கி, அதை இதயம் தாங்குமா?

ஊசியை நிறுத்தி வைத்தது சரியான முடிவு. ஆனால் நிறுத்திவிட்டு அடுத்த எக்கோ வரை சும்மா காத்திருப்பதுதான் தவறாகப் போகும். ஊசி நிற்கும் இந்த நான்கு வாரத்தில் இதய டாக்டரைப் பார்க்க வேண்டும், தேவையான மாத்திரை தொடங்க வேண்டும், 48 உண்மையிலேயே 48தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். டிராஸ்டுசுமாபால் வரும் பலவீனம் பெரும்பாலானவர்களுக்கு ஊசியை நிறுத்தி மாத்திரை கொடுத்தால் மீண்டுவிடுகிறது. பலர் மறுபடி ஊசியைத் தொடங்கி முடித்தும் விடுகிறார்கள்.

முதலில் அந்த எண். 48 சதவீதம் என்றதும் இதயத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று நினைத்துப் பலர் தூக்கம் கெடுக்கிறார்கள். ஆரோக்கியமான இதயமும் 100 காட்டாது. இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை பங்கு வெளியே போகிறது என்பதே இ.எஃப். பெண்களுக்கு 54க்கு மேல் இருந்தால் இயல்பு. 40 முதல் 49 வரை நடுத்தரக் குறைவு, 40க்குக் கீழே போனால் கடுமையானது. உங்கள் அம்மா நடுவில் இருக்கிறார்.

இரண்டு மருந்துகள் இரண்டு விதமாக இதயத்தைத் தொடுகின்றன. சிவப்பு மருந்து என்பது டாக்ஸோரூபிசின். அது இதயத் தசைச் செல்களையே அழிக்கக்கூடியது, போன செல் திரும்பி வராது. சேதம் மொத்த அளவைப் பொறுத்தது. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 400 மி.கி. சேர்ந்தால் சுமார் 5 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு வரும், 550 மி.கி.யில் அது சுமார் 26 சதவீதமாக ஏறிவிடும். வழக்கமான நான்கு தடவையில் சேர்வது 240 மி.கி. மட்டுமே. அதனால் அம்மாவுக்கு அந்த மருந்து எல்லையைத் தாண்டவில்லை. டிராஸ்டுசுமாப் வேலை செய்யும் விதம் வேறு. புற்றுநோய்ச் செல்லில் உள்ள ஹெர்-2 புரதம் இதயத் தசையிலும் உண்டு. அங்கே அது சிரமப்பட்ட செல் தன்னைச் சரிசெய்துகொள்ள உதவுகிறது. டிராஸ்டுசுமாப் அந்த வழியை அடைத்துவிடுகிறது. சிவப்பு மருந்தால் அடிபட்ட செல், சரிசெய்துகொள்ளும் வழியும் இல்லாமல் தவிக்கும்போது பம்பிங் குறைகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வில், 2001இல் வெளியான முடிவுப்படி, 27 சதவீதம் பேருக்கு இதயப் பாதிப்பு வந்தது. அதன் பிறகுதான் ஒன்றை முடித்து மற்றதைத் தொடங்கும் வழக்கம் வந்தது.

மாத்திரையை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. சிவப்பு மருந்தால் பம்பிங் குறைந்தவர்களை வைத்து இத்தாலியின் மிலான் நகரில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. கீமோ முடிந்து இரண்டு மாதத்துக்குள் இதய மாத்திரை தொடங்கியவர்களில் 64 சதவீதம் பேருக்குப் பம்பிங் முழுமையாகத் திரும்பியது. ஆறு மாதம் தாண்டித் தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூட முழுமையாகத் திரும்பவில்லை.

அடுத்து, 48 நம்பத்தக்கதா? சாதாரண எக்கோவில் ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் எடுத்தால் எண் 10 புள்ளி வரை முன்பின் வரும். 62 ஒரு இயந்திரம், 48 வேறு இயந்திரம், வேறு கை. ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஃப். பக்கத்தில் சிம்ப்சன் முறை என்று போட்டிருந்தால் அளந்து கணக்கிட்டது. எதுவும் போடாமல் 48 என்றோ 45 முதல் 50 என்றோ மட்டும் இருந்தால் கண்ணால் மதிப்பிட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். எக்கோ எடுத்த நேரத்தில் பிரஷர் எவ்வளவு என்பதும் முக்கியம். பிரஷர் 170 இருக்கும்போது எடுத்தால் எண் இறங்கிக் காட்டும். காய்ச்சல், ரத்தசோகை, நாடித்துடிப்பு அதிகமாக இருப்பது எல்லாமே எண்ணைக் குழப்பும். இடது மார்பை எடுத்தவர்களுக்குத் தழும்பு வழியாகப் படம் தெளிவாகக் கிடைக்காமலும் போகும்.

ஆகவே மறு எக்கோவை முதல் எக்கோ எடுத்த அதே ஆஸ்பத்திரியில், முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுங்கள். பழைய ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள சி.டி.யும் கையில் இருக்கட்டும். முப்பரிமாண எக்கோ வசதி இருந்தால் கேளுங்கள், அதில் முன்பின் குறைவு. இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் ஜி.எல்.எஸ். என்ற அளவையும் போடச் சொல்லுங்கள். அது கழித்தல் குறியோடு வரும், சுமார் -20 இயல்பு. முன்பு -20 இருந்து இப்போது -16.5 என்றால் 17.5 சதவீத வீழ்ச்சி. 15 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் இ.எஃப். நன்றாக இருந்தாலும் இதயம் சிரமப்படுகிறது என்று பொருள். இதயத்தின் சிரமத்தைக் காட்டும் டிரோபோனின், என்.டி. புரோ பி.என்.பி. ரத்தப் பரிசோதனைகளும் அதே வாரத்தில் எடுத்தால் டாக்டருக்கு முடிவெடுக்க எளிது. ரிப்போர்ட்டில் கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் (துடிப்புக்கு நடுவே இதயம் தளர்வது சற்று மெதுவாவது) என்று ஒரு வரி இருந்தால் அதற்காகப் பதற வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு அது இருக்கும்.

ஊசியை நிறுத்தும் விதி இதுதான்: தொடக்க அளவிலிருந்து 16 புள்ளியோ அதற்கு மேலோ விழுந்தாலும், 10 புள்ளியோ அதற்கு மேலோ விழுந்து இயல்புக்குக் கீழே போனாலும், குறைந்தது நான்கு வாரம் நிறுத்த வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை எக்கோ. நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் இயல்புக்குத் திரும்பினால் மறுபடி தொடங்கலாம். எட்டு வாரம் தாண்டியும் ஏறாவிட்டாலோ, மூன்று முறைக்கு மேல் நிறுத்த நேர்ந்தாலோ ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். இது மருந்துக் கையேட்டில் உள்ள கண்டிப்பான வழி. ஆனால் 2022இல் வந்த ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டி கொஞ்சம் இடம் கொடுக்கிறது. தொந்தரவு எதுவும் இல்லாமல் இ.எஃப். 40க்கும் 49க்கும் நடுவில் இருந்தால், இதய மாத்திரையைத் தொடங்கி, அடிக்கடி எக்கோ பார்த்துக்கொண்டே டிராஸ்டுசுமாபைத் தொடர்வதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. அப்படித் தொடர்ந்தவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையை முடித்ததாகச் சிறிய ஆய்வுகளும் காட்டின. அம்மாவுக்கு எந்த வழி என்பதைப் புற்றுநோய் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும். இருவரும் வெவ்வேறு ஆஸ்பத்திரியில் இருந்தால், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமலே வாரங்கள் ஓடிவிடும். ஒருவருடைய சீட்டை இன்னொருவர் மேஜையில் வைப்பது உங்கள் வேலை. அதை யாரிடமும் விடாதீர்கள்.

சில வாரம் ஊசி தள்ளிப்போவதால் நோய் திரும்பிவிடுமா என்ற பயத்துக்கு ஒரு நல்ல பதில் உண்டு. பிரிட்டனில் 4000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து, ஆறு மாதம் போட்டால் போதுமா, பன்னிரண்டு மாதம் வேண்டுமா என்று பார்த்த பெர்செஃபோன் ஆய்வு 2019இல் வெளியானது. நான்கு ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் இரு பக்கமும் கிட்டத்தட்ட 89 முதல் 90 சதவீதம். இதயப் பாதிப்பால் ஊசியைப் பாதியில் நிறுத்தியவர்கள் பன்னிரண்டு மாதப் பிரிவில் 8 சதவீதம், ஆறு மாதப் பிரிவில் 3 சதவீதம். ஓராண்டு போடுவதே இன்றும் வழக்கமான முறை, அதை மாற்றச் சொல்லி நான் சொல்லவில்லை. ஆனால் நான்கு வார இடைவெளி எல்லாவற்றையும் வீணாக்கிவிடாது என்று நம்ப இது போதுமான காரணம்.

இடைவெளியால் வரும் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டும். ஊசி போட வேண்டிய தேதியிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால், மறுபடி தொடங்கும்போது முதல் டோஸ் போல அதிகமாகப் போட வேண்டும். கிலோவுக்கு 6 மி.கி. என்ற வழக்கமான அளவு இல்லை, 8 மி.கி. 60 கிலோவுக்கு 360 மி.கி.க்குப் பதிலாக 480 மி.கி. அதுவும் ஒன்றரை மணி நேரத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும். 440 மி.கி. குப்பி வாங்குபவர்களுக்கு இதில் பணக் கணக்கும் இருக்கிறது. குப்பியோடு வரும் பாக்டீரியா தடுப்பு நீரில் கரைத்திருந்தால் மட்டுமே மிச்ச மருந்து 28 நாள் வரை, 2 முதல் 8 டிகிரி குளிரில் தாங்கும். வெறும் ஊசி நீரில் கரைத்தால் உடனே போட்டுவிட வேண்டும். ஃப்ரீசரில் வைத்தாலோ குலுக்கினாலோ மருந்து கெட்டுவிடும். ஆகவே எக்கோ ரிசல்ட் கைக்கு வந்து, டாக்டர் சரி என்ற பிறகே புதுக் குப்பி வாங்குங்கள், உடையுங்கள். போன தடவை உடைத்த குப்பியின் மிச்சம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தால் கரைத்த தேதியைப் பாருங்கள். நான்கு வார இடைவெளியில் அது காலாவதியாகிவிடும்.

மாத்திரைகளுக்கு வருவோம். பெரும்பாலும் இரண்டு வகை தொடங்குவார்கள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை அல்லது அவற்றின் உறவுகளான கான்டெசார்டன், டெல்மிசார்டன் ஒரு வகை. கார்வெடிலால், பைசோப்ரோலால், மெட்டோப்ரோலால் இன்னொரு வகை. மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். கார்வெடிலால் 3.125 மி.கி. காலை இரவு, எனலாப்ரில் 2.5 மி.கி. இரண்டு வேளை என்பது வழக்கமான தொடக்கம். அம்மாவுக்கு பிரஷரே இல்லையே, பிரஷர் மாத்திரை எதற்கு என்று கேட்டு நிறுத்திவிடுபவர்கள் நிறைய. இங்கே இவை பிரஷருக்காகக் கொடுக்கப்படுவதில்லை, இதயத் தசையின் சுமையைக் குறைக்கக் கொடுக்கப்படுகின்றன. கார்வெடிலாலைச் சாப்பாட்டோடு கொடுத்தால் தலைசுற்றல் குறையும். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுத் தலை சுற்றினால், ஒன்றை இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு எழட்டும். எனலாப்ரில் வகையில் சிலருக்கு ஓயாத வறட்டு இருமல் வரும். டாக்டரிடம் சொன்னால் மற்ற உறவு மாத்திரைக்கு மாற்றுவார். கார்வெடிலால் வகையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை தொடங்கி ஒன்று இரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் பார்க்க வேண்டும். டாபாக்ளிஃப்ளோசின் எழுதியிருந்தால் அது சர்க்கரை மாத்திரை என்று குழம்ப வேண்டாம், இதயத்துக்கும் கொடுப்பதுதான். ஆனால் கீமோ வாந்தியில் சாப்பிட முடியாத நாளிலும், வயிற்றுப்போக்கு நாளிலும் அதையும், எனலாப்ரில், நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு போன்றவற்றையும் கொடுக்கலாமா என்று போன் செய்து கேட்டுவிட்டே கொடுங்கள். நீர்ச்சத்து வற்றிய உடம்பில் இவை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். காலையில் சிறுநீர் போன பிறகு, காபிக்கு முன்னால், ஒரே எடைப்பொறியில், கட்டாந்தரையில் வைத்து எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்த சதை இல்லை, நீர். அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். பாக்ளிடாக்செலோடு போடும் ஸ்டீராய்டாலும் எடை ஏறும், ஆனால் அது மெதுவாக ஏறும். பிரஷரை ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு வலது கையில் பாருங்கள், ஆபரேஷன் ஆன இடது பக்கம் வேண்டாம். மேல் எண் 90க்குக் கீழே போய்த் தலையும் சுற்றினாலோ, ஓய்வில் நாடி 50க்குக் கீழோ 110க்கு மேலோ இருந்தாலோ கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பின் மேல் பத்து விநாடி கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து நின்றால் நீர் கோர்த்திருக்கிறது. இன்னொன்று, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்பது. ஒன்றிலிருந்து மூன்றானால், அம்மா வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். நம் வீட்டுப் பெண்கள் இதையெல்லாம் சோர்வு என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவார்கள். கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சாப்பாட்டில் உப்பு. கீமோவில் வாய் கசக்கிறது என்று கஞ்சியோடு ஊறுகாய், வத்தல், அப்பளம், கருவாடு என்று போகும், அங்கேதான் உப்பு ஏறுகிறது. நாள் முழுக்கச் சமையலில் சேர்ந்து ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் அளவுக்குள் நிற்கட்டும். வாய் ருசிக்கு எலுமிச்சை, புதினா, சீரகம், மல்லித்தழை துவையல் உதவும். கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்பை வாங்காதீர்கள். அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. எனலாப்ரிலோடும், ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு இதய மாத்திரையோடும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கும். கீமோ சூட்டுக்கு என்று தினமும் இளநீர் கொடுக்கும் வழக்கத்தையும் இதே காரணத்துக்காக, பொட்டாசியம் ரிசல்ட் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். தண்ணீர் விஷயத்தில், கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ இல்லாதவரை கட்டுப்பாடு பெரும்பாலும் வேண்டியதில்லை. நீர் கோர்த்தால் அளவை டாக்டர் சொல்வார்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், அசெக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென், எட்டோரிகாக்சிப் எதையும் மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். உடம்பில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலிக்கு டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். சர்க்கரைக்கு பயோகிளிட்டசோன் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இதய டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், அதுவும் நீர் கோர்க்கும். இருமலுக்குக் கொடுக்கும் கஷாயத்தில் அதிமதுரம் இருந்தால் நிறுத்துங்கள். தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும்.

நடப்பதை நிறுத்த வேண்டாம். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில், நாளுக்கு இரண்டு தடவை தொடங்கி மெல்லக் கூட்டலாம். ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருக்கும் வாரத்திலும், காய்ச்சல் நாளிலும் ஓய்வு.

இனி ரேடியேஷன். இடது பக்கம் என்றால் இதயத்தின் முன்பகுதி கதிரின் பாதையில் வரலாம். 2013இல் வெளியான சுவீடன், டென்மார்க் ஆய்வு ஒன்று, இதயத்துக்குச் சராசரியாகப் போய்ச் சேரும் ஒவ்வொரு கிரே (கதிரை அளக்கும் அலகு) கதிருக்கும் பிற்காலத்தில் மாரடைப்பு போன்றவை வரும் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டது. அதில் இருந்தவர்கள் 1958 முதல் 2001 வரை சிகிச்சை பெற்றவர்கள். இன்றைய முறைகளில் இதயத்துக்குப் போகும் அளவைப் பெரிதும் குறைக்க முடிகிறது. அதில் எளிமையானது மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு கதிர் வாங்குவது. நெஞ்சு விரிந்து நுரையீரல் நிறையும்போது இதயம் மார்புச்சுவரைவிட்டு விலகிக் கீழே இறங்கும். மூச்சைப் பிடித்திருக்கும் அந்த நேரத்தில் மட்டும் கதிர் பாயும். இதற்கு டி.ஐ.பி.எச். என்று பெயர், அந்த வசதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். இருந்தால் அம்மா வீட்டில் இப்போதே பழகலாம்: மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து, வயிற்றை உப்பவிடாமல் நெஞ்சு உயரும்படி மூச்சை இழுத்து, 20 விநாடி பிடிக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் தோள் இறுகியிருப்பதுதான் பலருக்கு இடைஞ்சல். ஆபரேஷனுக்குப் பின் சொல்லிக்கொடுத்த தோள் பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள். திட்டம் போட்டு முடித்ததும், இதயத்துக்குச் சராசரி எத்தனை கிரே என்று ரேடியேஷன் டாக்டரிடம் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். டிராஸ்டுசுமாப் மறுபடி தொடங்கினால் ரேடியேஷன் நடக்கும்போதும் அதைத் தொடரலாம்.

மூச்சு வாங்குவதெல்லாம் இதயத்தால் மட்டும் வருவதில்லை. ரத்தசோகை, நுரையீரல் தொற்று, காலிலோ கீமோ போர்ட் வைத்த கைப்பக்கமோ உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போவது எல்லாம் அதே மாதிரி இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது உறைந்த ரத்தமாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சை அழுத்தும் வலி, மயக்கம், ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, ரோஸ் நிற நுரைச் சளி, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108க்கு அழையுங்கள். போகும்போது நோட்டையும், கடைசி எக்கோவையும், எந்தத் தேதியில் எந்த மருந்து ஏறியது என்ற சீட்டையும் எடுத்துப் போங்கள். எமர்ஜென்சியில் இருக்கும் டாக்டருக்கு டிராஸ்டுசுமாப் என்ற ஒரு வார்த்தை தெரிந்தால் போதும், தேடும் திசை மாறிவிடும்.

பம்பிங் 58க்கு வந்துவிட்டது என்று சந்தோஷத்தில் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எத்தனை நாள் தொடர வேண்டும் என்று இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஊசி ஓடும் காலமெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ வழக்கம். அம்மாவுக்கு ஒருமுறை இறங்கிவிட்டதால் மறுபடி தொடங்கிய பிறகு அதைவிட அடிக்கடி பார்ப்பார்கள். டிராஸ்டுசுமாப் முழுவதும் முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஆறு மாதம் ஒருமுறை எக்கோ எடுக்க வேண்டும். அந்தத் தேதிகளை இப்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.